நல்ல நாட்களின் கணக்கு

என் மகனுக்கு வந்த நோய் விடியற்காலையில்தான் வரும். மணி மூன்று, மூன்றரை இருக்கும். தூக்கத்திலிருந்து எழுந்து படுக்கையிலேயே உட்கார்ந்துவிடுவான். அழமாட்டான், என்னைக் கூப்பிடவும் மாட்டான். விளக்கைப் போட்டுப் பார்த்தால் முகம் வெளிறிப்போயிருக்கும். வாயில் எச்சில் ஊறிக்கொண்டே இருக்கும். அதை விழுங்காமல் துண்டில் துப்பிக்கொண்டிருப்பான். சற்று நேரத்தில் முதல் வாந்தி. ராத்திரி சாப்பிட்டது வெளியே வரும், பிறகு தண்ணீர், பிறகு நுரை, பிறகு மஞ்சளாய்ப் பித்தம். வயிற்றில் ஒன்றுமே மிச்சமில்லாத பிறகும் ஓங்கரிப்பு அடங்காது. மணிக்கு ஐந்தாறு தடவை எடுப்பான். நடுவில் கண்ணைத் திறக்கமாட்டான். விளக்கை அணைக்கச் சொல்லிக் கையை மட்டும் அசைப்பான். அடுப்படியில் தாளிக்கிற வாசனை வந்தால் தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொள்வான்.

தண்ணீர் மட்டும் விடாமல் கேட்பான். செம்பு நிறையக் குடிப்பான். குடித்ததெல்லாம் அடுத்த நிமிடமே வெளியே வந்துவிடும். கொடுப்பதா, மறுப்பதா என்று வீட்டில் பெரிய வாக்குவாதமே நடக்கும். வெறும் பித்தம் ஏறி வரும்போது தொண்டை எரிகிறது, தண்ணீரோடு சேர்ந்து வந்தால் எரிச்சல் குறைவு என்று இந்த நோயுள்ள பிள்ளைகள் தாங்களே கண்டுகொள்கிறார்கள் என்பது பிற்பாடுதான் எங்களுக்குத் தெரிந்தது.

அடுத்த நாளோ அதற்கு மறுநாளோ, குழாயை மூடியது போல வாந்தி நின்றுவிடும். அடித்துப்போட்டது போலத் தூங்குவான். எழுந்ததும் முதல் பேச்சு, “பசிக்கும்மா.” ரசஞ்சோறு பிசைந்து கொடுத்தால் இரண்டாந்தரமும் கேட்டு வாங்கிச் சாப்பிடுவான். சாயங்காலம் தெருவில் பையன்களோடு ஓடிக்கொண்டிருப்பான். நேற்று வரை டிரிப் ஏறிக்கொண்டிருந்த பிள்ளை இவன்தான் என்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். பிறகு வாரக்கணக்கில் ஒரு தொந்தரவும் இருக்காது. எல்லாம் போய்விட்டது என்று நாங்கள் மறக்கத் தொடங்கும் நேரம், மறுபடி ஒரு விடியற்காலை, அதே மூன்று மணி, அதே வெளிறிய முகம்.

அப்போது நாங்கள் சங்கரன்கோவிலில் இருந்தோம். அவன் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த வருடம் அது. முதல் தடவை வந்தபோது என் மாமியார் வயிற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டு, “பிள்ளைக்குக் குடல் ஏறியிருக்கு தாயி, தட்டினா சரியாப் போவும்” என்றார்கள். குடல் தட்டுகிற பாட்டியிடம் தூக்கிப்போனோம். அந்த அம்மா விளக்கெண்ணெய் தொட்டு வயிற்றை மெல்ல நீவிவிட்டார்கள். அன்று மாலையே வாந்தி நின்றது. அடுத்த தடவை தொக்கம் எடுத்தோம், அப்போதும் நின்றது. அதற்கடுத்த தடவை ஆஸ்பத்திரியில் ஊசி போட்டு, ஒரு ராத்திரி முழுக்க குளுக்கோஸ் ஏற்றினார்கள், அதிலும் நின்றது. எதைச் செய்தாலும் நின்றது, எதைச் செய்த பிறகும் திரும்ப வந்தது. இந்த நோயின் சுபாவமே அதுதான். தானாக அடங்கும் நேரத்தில் யார் கை பட்டிருக்கிறதோ, குணமானதாக அவர்கள் பேரில் கணக்கு ஏறிவிடும்.

டாக்டர்கள் சொன்னதும் தடவைக்குத் தடவை மாறியது. சாப்பாட்டில் விஷம், வயிற்றில் கிருமி, கேஸ், அல்சர், குடல்வால் தொடக்கம். அந்தந்த நாளில் அந்த அறையில் உட்கார்ந்து பார்த்தால் ஒவ்வொன்றுக்கும் நியாயம் இருக்கத்தான் செய்தது. வாந்தி எடுக்கிற குழந்தை எதிரே கிடக்கிறது. ஊரில் நூறு குழந்தைக்கு வருகிற காரணம்தான் முதலில் நினைவுக்கு வரும். ஒரு டாக்டர் எண்டோஸ்கோபி செய்யச் சொன்னார். இரைப்பையும் முன்சிறுகுடலும் சுத்தமாக இருந்தன, ஒரு சிவப்புகூட இல்லை. ரிப்போர்ட்டைக் கையில் வாங்கிக்கொண்டு வெளியே வந்தபோது எனக்கு நிம்மதியைவிட பயமே கூடியது. இவ்வளவு ஆடுகிற வயிற்றில் ஒன்றுமே இல்லையென்றால், பின் எங்கேதான் இருக்கிறது?

பள்ளிக்கூடத்துக்குப் போகப் பிடிக்காமல் பிள்ளை பண்ணுகிற வேலை என்று சொன்னவர்களும் உண்டு. தாய் கொடுக்கும் செல்லம் என்றார்கள். இந்தப் பேச்சு அவன் காதிலும் விழுந்தது. ஒருநாள் டிரிப் ஊசி குத்திய கையை மடியில் வைத்துக்கொண்டு, “நான் வேணும்னு எடுக்கலம்மா” என்றான். ஏழு வயதுகூட ஆகாத பிள்ளை. அந்த ஒரு வார்த்தைக்காகவே இந்த நோயைப் பற்றித் தெரிந்ததையெல்லாம் ஊரறியச் சொல்ல வேண்டும் என்று அப்போதே மனதில் பட்டது.

எங்கள் வீட்டு அடுப்படிச் சுவரில் நகைக்கடை கொடுத்த மாதக் காலண்டர் ஒன்று தொங்கும். பால் வாங்காத நாள், கூடுதலாக வாங்கிய நாள், சிலிண்டர் மாற்றிய தேதி, வட்டிக்காரர் வந்துபோன தேதி எல்லாம் அதில்தான் பென்சிலால் குறித்து வைப்பேன். மகனுக்கு வாந்தி வந்த நாட்களில் வீட்டில் காபி போடமாட்டோம், வாசனை அவனுக்கு ஆகாது. அதனால் அந்தக் கட்டங்களில் பால் வேண்டாம் என்று ஒரு சுழி போட்டு, பக்கத்தில் ‘தம்பி’ என்று எழுதியிருப்பேன். வருடக் கடைசியில் பால்காரரோடு கணக்குப் பார்க்க எல்லாத் தாளையும் வரிசையாகத் தரையில் விரித்தபோதுதான் அந்தச் சுழிகள் எனக்கு ஒன்றாகத் தெரிந்தன. இரண்டு நாள், சில நேரம் மூன்று நாள் சேர்ந்தாற்போல் சுழி. பிறகு வாரக்கணக்கில் வெற்றுக் கட்டங்கள். மறுபடி சுழி. ஆடித்தபசுக்கு முதல் நாள் ஒன்று. தீபாவளிக்கு மறுநாள் ஒன்று. ராஜபாளையத்தில் கல்யாணத்துக்குப் போய் நடுராத்திரி திரும்பிய பிறகு ஒன்று. சளிக்காய்ச்சலை ஒட்டி ஒன்று. வாங்கிச் சாப்பிட்ட பண்டமோ, குடித்த தண்ணீரோ இப்படி வரிசை வைத்துக்கொண்டு வராது என்று புரிந்தது.

அந்தத் தாள்களைச் சுருட்டி ஒரு ரப்பர் பேண்டு போட்டு, மதுரைக்கு எடுத்துப்போனேன். குழந்தைகளுக்கான வயிறு, குடல் நிபுணர் ஒரு பெண் டாக்டர். அவர் ஃபைலைத் திறக்கும் முன்பே, “வாந்தி இல்லாத நாள்ல எப்படிம்மா இருப்பான்?” என்று கேட்டார். அதுவரை எல்லோரும், “இன்னைக்கு எத்தனை தடவை எடுத்தான்?” என்றுதான் கேட்டிருந்தார்கள். நல்ல நாட்களில் சாப்பாடு, விளையாட்டு, எடை, படிப்பு, தூக்கம் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகக் கேட்டார். நான் காலண்டர் தாள்களை மேசையில் விரித்தேன். சுழி போட்ட கட்டங்களைத் தாண்டி, சுழி இல்லாத கட்டங்களின் மேல் பேனா முனையை மெல்ல ஓட்டிக்கொண்டே போனார். “இதுதான் எனக்கு வேணும்” என்றார்.

அடுத்து அவர் கேட்டது நான் எதிர்பாராதது. “வீட்டுல யாருக்காவது ஒற்றைத் தலைவலி உண்டா?”

எனக்கு உண்டு. கல்லூரி நாட்களிலிருந்தே உண்டு. வந்தால் ஒரு பக்கப் பொட்டில் தெறிக்கும், வெளிச்சம் ஆகாது, கடைசியில் வாந்தி எடுத்தால்தான் தணியும். என் அம்மாவுக்கும் உண்டு. சுக்கு இழைத்து நெற்றியில் பற்றுப் போட்டு, துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு, கதவைச் சாத்திய அறையில் சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடப்பாள். நாங்கள் பிள்ளைகள் பூனைநடையில் நடப்போம். இதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே என் மகன் விளக்கை அணைக்கச் சொல்லிக் கையை அசைப்பது கண்ணுக்குள் வந்தது. மூன்று தலைமுறையாக ஒரே இருட்டறையைத்தான் தேடிக்கொண்டிருந்திருக்கிறோம்.

டாக்டர் உடனே பெயர் சூட்டிவிடவில்லை. வந்து வந்து போகிற வாந்திக்கு வேறு காரணங்கள் உண்டு, அவற்றில் சில உயிருக்கு ஆபத்தானவை, அவற்றை விலக்காமல் இந்தப் பெயரைச் சொல்லக் கூடாது என்றார். குடல் பிறவியிலேயே சரியான இடத்தில் அமையாமல் இருந்தால் அது அவ்வப்போது முறுக்கிக்கொள்ளும். முறுக்கும்போது வாந்தி, தானாக விடுபட்டதும் பிள்ளை எழுந்து விளையாடும். ஒருநாள் விடுபடாமலே போனால் ரத்த ஓட்டம் நின்று குடல் அழுகிவிடும். அதற்காக பேரியம் குடிக்கக் கொடுத்து எக்ஸ்ரே எடுத்தார்கள். சிறுநீரகத்திலிருந்து சிறுநீர் இறங்கும் பாதை குறுகியிருந்தாலும் இப்படி விட்டுவிட்டு வலியும் வாந்தியும் வரும். தொந்தரவு இருக்கும்போதே ஸ்கேன் எடுத்தால் அது தெளிவாகத் தெரியும் என்றார். ரத்தத்தில் சர்க்கரை, உப்புகள், அம்மோனியா, லாக்டேட் ஆகியவற்றை வாந்தி வருகிற நேரத்தில், டிரிப் ஏற்றும் முன்பே எடுத்துப் பார்க்கச் சொல்லி உள்ளூர் ஆஸ்பத்திரிக்கு ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தார். உடலின் ரசாயனக் குறைபாடுகள் சில அந்த நேரத்தில் மட்டும் தலைகாட்டி, நல்ல நாட்களில் மறைந்துவிடுமாம். விடியற்கால வாந்தி மூளைக் கட்டிக்கும் அடையாளம் என்பதால் கண்ணின் உட்புறம் பார்த்தார்கள், நடக்கவிட்டுப் பார்த்தார்கள், தலைக்கு ஸ்கேனும் எடுத்தார்கள். எல்லாம் நன்றாக இருந்தது.

அதன் பிறகுதான் சொன்னார்: சைக்ளிக் வாமிட்டிங் சிண்ட்ரோம். சுழற்சி வாந்தி நோய்.

வயிற்றில் வெளிப்பட்டாலும், மூளைக்கும் குடலுக்கும் இடையிலான தொடர்பில் பிறக்கிற நோய் இது. ஒற்றைத் தலைவலியின் நெருங்கிய உறவு என்று மருத்துவர்கள் கருதுகிறார்கள். இதற்கென்று ஒரு ரத்தப் பரிசோதனையோ ஸ்கேனோ கிடையாது. நடந்த கதையைக் கேட்டுத்தான் கண்டறிய வேண்டும். வயிறு, குடல் கோளாறுகளைக் கண்டறிய நிபுணர்கள் வகுத்து, 2016-இல் வெளியான ‘ரோம் நான்கு’ வரையறை குழந்தைகளுக்குச் சொல்வதன் சாரம் இதுதான்: ஆறு மாதத்துக்குள் இரண்டு தடவையாவது, சில மணி நேரம் முதல் சில நாள் வரை விடாத குமட்டலும் அடுக்கடுக்கான வாந்தியும் வந்திருக்க வேண்டும்; ஒவ்வொரு தடவையும் அந்தக் குழந்தைக்கு ஒரே மாதிரி வர வேண்டும்; நடுவில் வாரங்களோ மாதங்களோ பழைய உடல்நிலைக்குத் திரும்பியிருக்க வேண்டும்; வேறு நோய் எதுவும் காரணமாக இருக்கக் கூடாது. நடுவில் வருகிற நலமும் இந்த வரையறையில் ஒரு நிபந்தனை. காலண்டரில் நான் ஒன்றும் எழுதாமல் விட்ட கட்டங்கள் பாதிச் சாட்சியம் சொல்லியிருக்கின்றன.

1882-இலேயே லண்டன் செயின்ட் பார்த்தலோமியூ மருத்துவமனையைச் சேர்ந்த சாமுவேல் கீ இந்த நோயை எழுதி வைத்திருக்கிறார் என்று பிறகு படித்தேன். சில குழந்தைகளைப் பார்த்து, வாந்தி விட்டுவிட்டு வருவதையும், இடைப்பட்ட நாட்களில் நோயின் சுவடே இல்லாததையும் அவர் குறித்திருக்கிறார். ஸ்கேனும் எண்டோஸ்கோபியும் இல்லாத காலத்தில் ஒரு மனிதர் கண்ணாலும் பொறுமையாலும் கண்டது, இன்றைய வரையறையின் நடுவில் அப்படியே நிற்கிறது. பரிணாமக் கொள்கையைத் தந்த சார்லஸ் டார்வினும் வாழ்நாளின் பெரும்பகுதி வாந்தியால் வதைபட்டவர். வீட்டுக்கு விருந்தாளி வந்து உற்சாகமாகப் பேசினாலே உடம்பு நடுங்கி வாந்தி வந்துவிடும். 1849 முதல் 1855 வரை தன் உடல்நிலையைக் குறிப்பேட்டில் நாள்வாரியாக எழுதி வந்தார். அவருக்கு இருந்தது இந்தச் சுழற்சி வாந்தி நோயாகவும், தாய்வழியில் வந்ததாகவும் இருக்கலாம் என்று ஜான் ஹேமன் என்ற ஆஸ்திரேலிய மருத்துவர் 2009-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் எழுதினார். வேறு காரணம் சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். அந்த விவாதம் முடியவில்லை. ஆனால் டார்வினைப் பற்றி இன்று விவாதிக்கவாவது முடிகிறதென்றால், அவர் எழுதி வைத்ததும் அதற்கு ஒரு காரணம்.

நோயின் பெயர் தெரிந்ததும் வைத்தியம் இரண்டாகப் பிரிந்தது. வந்துவிட்டால் என்ன செய்வது என்பது ஒன்று, வராமல் தடுப்பது இன்னொன்று. வந்துவிட்டால் காத்திருக்கக் கூடாது. சீக்கிரமே குளுக்கோஸ் கலந்த டிரிப், வாந்திக்கு ஆண்டான்செட்ரான், இருட்டறை, தூக்கம். இதை டாக்டர் ஒரு பக்கக் கடிதமாக எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்தார். அதை லேமினேட் செய்து என் கைப்பையில் ஒன்று, பள்ளிக்கூடப் பையில் ஒன்று வைத்தோம். ராத்திரி டியூட்டியில் யார் இருந்தாலும், கதையை முதலிலிருந்து சொல்லும் வேலை இல்லை. கடிதத்தைப் படித்த பத்தாவது நிமிடம் ஊசி ஏறிவிடும். முன்பு இரண்டு நாள் நீண்டது அரை நாளில் அடங்கத் தொடங்கியது.

வராமல் தடுக்க, அமிட்ரிப்டிலின். ஐந்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்குப் பொதுவாக இதையே முதலில் தருகிறார்கள். அதற்குக் கீழே என்றால் சைப்ரோஹெப்டடின். சிலருக்கு ப்ரோப்ரனலால். ஆரம்பிக்கும் முன் ஈசிஜி எடுத்து இதயத்துடிப்பைச் சரிபார்த்தார்கள். குறைந்த அளவில் தொடங்கி மெதுவாகக் கூட்டினார்கள். மெடிக்கல் ஷாப்பில் சீட்டைக் கொடுத்தபோது, கவுண்டரில் இருந்தவர் ஒருமுறை சீட்டையும் ஒருமுறை என் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்ற பிள்ளையையும் பார்த்துவிட்டு, “இது மனச்சோர்வுக்குக் குடுக்கிறதாச்சே, யாருக்குக்கா?” என்று தாழ்ந்த குரலில் கேட்டார். வீட்டிலும் அந்தப் பயம் வந்தது. என் மாமியாருக்கு இரவு உட்காரவைத்துச் சொன்னேன்: மனச்சோர்வுக்குக் கொடுக்கும் அளவு வேறு, இதற்குக் கொடுக்கும் அளவு வேறு, இதே மாத்திரையைத்தான் ஒற்றைத் தலைவலி அடிக்கடி வராமல் இருக்கவும் கொடுக்கிறார்கள். அவர்கள் சற்று யோசித்துவிட்டு, “அப்போ உனக்கும் எழுதி வாங்கியிருக்கலாமே தாயி” என்றார்கள். அதற்குப் பிறகு தினமும் ராத்திரி மாத்திரையை ஞாபகப்படுத்தியது அவர்கள்தான்.

மாத்திரையோடு பழக்கவழக்கமும் மாறியது. வேளை தவறாமல் சாப்பாடு, படுக்கும் முன் கொஞ்சம் மாவுச்சத்து, நேரத்துக்குத் தூக்கம். திருவிழாவுக்கு இன்னும் எத்தனை நாள் என்று வீட்டில் கணக்குச் சொல்லி அவனைத் துள்ளவைப்பதை நிறுத்தினோம். துக்கம் மட்டும்தான் உடம்பைக் கெடுக்கும் என்று நாம் நினைக்கிறோம். இந்தப் பிள்ளைகளுக்குச் சந்தோஷமும் அளவு மீறினால் அதே கதவைத் தட்டிவிடும். தொடங்குவதற்கு முன் வரும் அறிகுறியை அவனே பிடித்துக்கொண்டான். “வாயில தண்ணி ஊறுதும்மா” என்பான். அந்த நேரத்தில் வாந்திக்கான மாத்திரையை நாக்கில் கரையவைத்து, இருட்டில் படுக்கவைத்தால் பல தடவை தூக்கத்திலேயே கடந்துபோய்விடும்.

இப்போது அவன் ப்ளஸ் ஒன் படிக்கிறான். வாந்தி அநேகமாக விட்டுவிட்டது. பல பிள்ளைகளுக்குப் பதின்ம வயதில் விட்டுவிடும், சிலருக்கு அது ஒற்றைத் தலைவலியாக மாறும் என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். இவனுக்கு எப்போதாவது தலைவலி வருகிறது. பெரியவர்களுக்கும் இந்த வாந்தி நோய் வரும் என்பதால் நாங்கள் கவனத்தை விட்டுவிடவில்லை.

தெரிந்தவர்கள், அவர்களுக்குத் தெரிந்தவர்கள் என்று இப்போது என்னிடம் யாராவது கேட்டு வருகிறார்கள். முதலில் நான் சொல்வது காத்திருக்கக் கூடாத அடையாளங்களை. வாந்தி பச்சையாக வந்தால், ரத்தம் கலந்தால், வயிறு கல்லாக இறுகிப் பொறுக்க முடியாத வலி இருந்தால், தலைவலி தூக்கத்திலிருந்து எழுப்பினால், நடை தள்ளாடினால், கூப்பிட்டால் கண் திறக்காத மயக்கம் இருந்தால், சிறுநீர் நின்றுபோனால், குழந்தைக்கு இரண்டு வயதுகூட ஆகவில்லையென்றால், அது சுழற்சி வாந்தி என்று நீங்களாக முடிவுகட்டக் கூடாது. உடனே ஆஸ்பத்திரி.

பிறகு சொல்வது, எழுதுங்கள் என்பதை. எந்தத் தேதி, எத்தனை மணிக்குத் தொடங்கியது, முதலில் என்ன தெரிந்தது, எவ்வளவு நேரம் நீடித்தது, முந்தின நாள் என்ன நடந்தது. தடவைக்கு ஒரு டாக்டரிடம் போகிற நம் ஊரில், ஒவ்வொரு டாக்டரும் ஒரு வாந்தியைத்தான் பார்க்கிறார். எல்லா வாந்தியையும், அவற்றுக்கு நடுவே பிள்ளை ஓடி விளையாடிய எல்லா நாட்களையும் பார்த்தவர்கள் வீட்டில் இருப்பவர்கள் மட்டும்தான். அந்தக் கணக்கை அவர்கள் கொண்டுபோய்க் கொடுத்தால்தான் டாக்டரின் படிப்பு அந்தப் பிள்ளைக்குப் பயன்படும். ஆஸ்பத்திரி ஃபைலில் நோய் நாட்கள் இருக்கும். நல்ல நாட்களையும் அதே ஃபைலில் எழுதிச் சேர்த்து, டாக்டர் கேட்காவிட்டாலும் எடுத்து முன்னால் வையுங்கள்.